ஒரு ஷெல் எழுதிப் பாருங்கள்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் உருவாகிக்கொண்டிருந்த தொடக்க நாட்கள். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் தன்னைப் போலவே இன்னொரு பிரதியை உண்டாக்கிக்கொள்ள உதவும் ‘ஃபோர்க்’ என்ற வசதியை அப்போதுதான் சேர்த்திருந்தார்கள். அசெம்பிளி மொழியில் அதற்குத் தேவைப்பட்டவை 27 வரிகள் மட்டுமே. அந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு சிக்கல் தெரிய வந்தது. ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லை.

நிரலை மீண்டும் மீண்டும் படித்த பிறகே காரணம் பிடிபட்டது. கட்டளை சரியாகத்தான் ஓடியது. ஆனால், அது ஓடியது ஃபோர்க் உண்டாக்கிய புதிய பிரதிக்குள். அந்தப் பிரதி தன்னுடைய ஃபோல்டரை மாற்றிக்கொண்டது. வேலை முடிந்ததும் மறைந்தும் போனது. அதைப் பெற்றெடுத்த ஷெல்லோ, அதாவது நம் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலோ, நின்ற இடத்திலேயே நின்றது. இந்தக் கதையை ரிச்சியே பின்னாளில் ஒரு கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். ஃபோல்டர் மாற்றும் வேலையை ஷெல் தனக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும் என்ற விதி அங்கிருந்து வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் ‘சிடி’ கட்டளை ஷெல்லின் உள்ளுறுப்பாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அரை நூற்றாண்டு கடந்த பிறகும், சொந்தமாக ஒரு ஷெல் எழுத உட்காரும் மாணவர் பெரும்பாலும் இதே இடத்தில் தடுக்குகிறார். அந்தத் தடுக்கல் விலைமதிப்பற்றது. ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், என்றால் என்ன, அதற்கென்று எவையெல்லாம் தனியாக இருக்கின்றன என்பதைப் பாடநூலில் மனப்பாடம் செய்தவருக்கும், தன் கையால் எழுதிய ஷெல் நகர மறுத்ததைப் பார்த்தவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. இயங்குதளத்தைக் கற்க விரும்பும் எவருக்கும் ஷெல் எழுதுவதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்பது என் உறுதியான நம்பிக்கை.

தனிச் சலுகை இல்லாத நிரல்

கருப்புத் திரையில் கட்டளை அடிக்கும் பலரும், இயங்குதளத்திடமே நேராகப் பேசுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் நடுவே ஒரு நிரல் இருக்கிறது. நினைவகம், வட்டு, செயலி ஆகியவற்றைக் காவல் காப்பது கெர்னல். நாம் அடிக்கும் வரியைப் படித்து, புரிந்துகொண்டு, கெர்னலிடம் தகுந்த வேண்டுகோள்களை வைப்பது ஷெல். இந்த வேண்டுகோள்களுக்கு சிஸ்டம் கால் என்று பெயர். இதில் ஷெல்லுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை; கால்குலேட்டர் நிரலுக்கும் கெர்னலை அணுக இதே வழிதான்.

இந்தப் பிரிவினை தானாக அமைந்ததல்ல. 1960களின் முற்பகுதியில், எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் கணினியமைப்பில் லூயி பூசான் என்ற பிரெஞ்சு அறிஞர், கோப்பில் எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக இயக்கும் ரன்காம் என்ற நிரலை எழுதினார். அடுத்து வந்த மல்டிக்ஸ் திட்டத்துக்காக, கட்டளைகளைக் கையாளும் பகுதி மாற்றிக்கொள்ளத்தக்க ஒரு சாதாரண நிரலாக இருக்கலாம் என்று முன்மொழிந்து, அதற்கு ஷெல் என்று பெயரும் வைத்தார். பெல் ஆய்வகம் 1969இல் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அந்தத் திட்டத்தில் பங்கேற்றிருந்த தாம்சன் இந்த எண்ணத்தை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தார்.

இன்றைய லினக்ஸ் கணினியிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். பயனர் விவரங்கள் அடங்கிய ‘பாஸ்வேர்ட்’ கோப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. அந்த வரியின் கடைசிப் பகுதி, அவர் உள்நுழைந்ததும் எந்த நிரலை ஷெல்லாக இயக்க வேண்டும் என்று சொல்கிறது. அங்கே பேஷ் இருக்கலாம், இசட்ஷெல் இருக்கலாம், நீங்கள் எழுதிய நிரலும் இருக்கலாம். கெர்னலுக்கு எல்லாம் ஒன்றே.

நான்கு படிகள்

ஷெல்லின் இதயம் ஒரு சுழற்சி. முதலில் அது ஒரு வரியைப் படிக்கிறது. இரண்டாவதாக, அந்த வரியைச் சொற்களாகப் பிரிக்கிறது. முதல் சொல் நிரலின் பெயர், மற்றவை அதற்குத் தரப்படும் விவரங்கள். மூன்றாவதாக, அந்த நிரலை ஓடவிடுகிறது. நான்காவதாக, அது முடியும்வரை காத்திருந்து மீண்டும் முதல் படிக்கு வருகிறது.

மூன்றாம் படியில்தான் யூனிக்ஸின் தனித்தன்மை தெரிகிறது. ஒரு புதிய நிரலை ஓட்ட யூனிக்ஸ் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்யச் சொல்கிறது. ஃபோர்க் என்று அழைத்ததும் ஷெல்லின் பிரதி ஒன்று உருவாகிறது. தாய், சேய் இரண்டும் அதே வரியிலிருந்து தொடர்ந்து ஓடுகின்றன. ஃபோர்க் தரும் விடையை வைத்துத்தான் தான் யார் என்று ஒவ்வொன்றும் அறிகிறது. சேய்க்குக் கிடைப்பது சுழியம். தாய்க்குக் கிடைப்பது சேயின் அடையாள எண். பிறகு சேய் ‘எக்ஸெக்’ என்று அழைக்கிறது. உடனே அதனுள் இருந்த ஷெல் நிரல் அழிந்து, கேட்ட நிரல் அதே புராசஸுக்குள் குடியேறுகிறது. தாய் ‘வெயிட்’ என்று அழைத்துக் காத்திருக்கிறது. வேலை முடிந்ததும் சேய் விட்டுச்சென்ற எண் தாயிடம் வந்து சேர்கிறது. சுழியம் என்றால் வெற்றி; வேறு எண் என்றால் ஏதோ பிசகு. கேட்ட பெயரில் நிரலே இல்லை என்றால் 127 என்பது வழக்கம்.

சி மொழியில் இந்தச் சுழற்சியை ஐம்பது அறுபது வரிகளில் எழுதிவிடலாம். அது ஓடத் தொடங்கியதும் உங்கள் ஷெல்லிலிருந்தே கோப்புகளைப் பட்டியலிடலாம், எடிட்டரைத் திறக்கலாம், ஏன், இன்னொரு ஷெல்லையும் இயக்கலாம்.

இரண்டு அழைப்புகளுக்கு நடுவே

ஒரே அழைப்பில் முடிக்கக்கூடிய வேலையை ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும்? பயன் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் இருக்கிறது. ஃபோர்க் முடிந்து எக்ஸெக் தொடங்குவதற்கு முன், சேய்க்குள் ஓடுவது இன்னும் நம் ஷெல்லின் நிரல்தான். புதிய நிரல் கண் விழிப்பதற்குள் அதன் சூழலை நாம் விரும்பியபடி அமைத்துவிடலாம்.

யூனிக்ஸில் ஒரு புராசஸ் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு. 0 என்பது உள்ளீடு, 1 என்பது வெளியீடு, 2 என்பது பிழைச் செய்திகளுக்கானது. புதிதாக ஒரு கோப்பைத் திறந்தால், காலியாக இருக்கும் எண்களில் மிகச் சிறியதைக் கெர்னல் தரும். இந்த ஒரு விதி போதும். ஒரு கட்டளையின் விடையைத் திரைக்குப் பதிலாகக் கோப்புக்கு அனுப்ப ‘>’ குறியை இடுகிறோம். அப்போது சேய்ப் புராசஸில் ஷெல் 1ஆம் எண்ணை மூடுகிறது; உடனே நாம் சொன்ன கோப்பைத் திறக்கிறது. 0 ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதால் புதிய கோப்புக்கு 1 கிடைக்கிறது. பிறகு எக்ஸெக். வந்து அமரும் நிரல் வழக்கம்போல 1ஆம் எண்ணில் எழுதுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் திரை இருக்கிறதா, கோப்பு இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. யூனிக்ஸில் எழுதப்பட்ட ஒவ்வொரு சிறு நிரலும் தனி முயற்சி ஏதுமின்றி இந்த ஆற்றலைப் பெற்றது இப்படித்தான்.

மெக்கில்ராயின் குழாய்

பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964 அக்டோபரில் எழுதிய ஒரு குறிப்பில், தோட்டத்து ரப்பர் குழாய்களைத் தேவைக்கேற்ப ஒன்றோடு ஒன்று திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்று கேட்டிருந்தார். பல ஆண்டுகள் அவர் விடாமல் வலியுறுத்தினார். 1973இல் தாம்சன் ஒரே இரவில் அதை யூனிக்ஸில் சேர்த்தார். விரைவிலேயே ‘|’ என்ற நெடுங்கோடு அதன் குறியானது.

இதன் வேலைமுறையும் எண்களின் விளையாட்டே. ‘பைப்’ என்று அழைத்தால் கெர்னல் இரண்டு எண்களைத் தருகிறது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்கலாம். ஷெல் இரண்டு சேய்களை உண்டாக்கி, முதல் சேயின் 1ஆம் எண்ணைக் குழாயின் எழுதும் முனையோடும், இரண்டாம் சேயின் 0ஆம் எண்ணைப் படிக்கும் முனையோடும் பொருத்துகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நடுவில் தற்காலிகக் கோப்பு கிடையாது. லினக்ஸில் ஒரு குழாய் வழக்கமாக 64 கிலோபைட் தாங்கும். நிரம்பிவிட்டால் எழுதுபவரைக் கெர்னல் நிறுத்திவைக்கும். காலியானால் படிப்பவரை நிறுத்திவைக்கும். வேகம் வேறுபட்ட இரு நிரல்கள் ஒன்றையொன்று அறியாமலே ஒத்துப்போகின்றன.

ஷெல் எழுதுபவரை உறங்கவிடாத பிழையும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. குழாயின் எழுதும் முனையைப் பிடித்திருக்கும் கடைசிப் புராசஸும் அதை மூடினால்தான் படிப்பவருக்கு ‘முடிந்தது’ என்று தெரியும். தாய் ஷெல் தன்னிடமுள்ள பிரதியை மூட மறந்தால், இரண்டாம் நிரல் வராத தரவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். திரை உறைந்து நிற்கும். பிழைச் செய்தியும் வராது. கோப்பு எண்களைப் பல புராசஸ்கள் பகிர்ந்துகொள்கின்றன என்ற உண்மையை இதைவிட அழுத்தமாக எந்த வகுப்பும் சொல்லித்தராது.

கடினம் தொடங்கும் இடம்

கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஓடும் கட்டளை நிற்க வேண்டும். ஷெல் சாகக் கூடாது. அதற்காகப் புராசஸ்களைக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழு இப்போது டெர்மினலுக்கு உரியது என்று கெர்னலிடம் சொல்ல வேண்டும். பின்னணியில் ஓடி முடிந்த சேய்களின் கணக்கைத் தாய் வாங்காவிட்டால், அவை ‘ஸாம்பி’ என்ற பெயரோடு பட்டியலில் தங்கிவிடும்.

மொழி சார்ந்த சிக்கல்கள் இன்னும் ஆழமானவை. இடைவெளி உள்ள கோப்புப் பெயரை எப்படிப் பிரிப்பது? மேற்கோள் குறிக்குள் உள்ள ‘$’ குறியை விரிப்பதா, விடுவதா? ‘*’ குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது ஷெல்லின் பொறுப்பு. அழிக்கும் கட்டளைக்குப் போய்ச் சேர்வது விரிந்த பட்டியல் மட்டுமே. பயனர் அடித்தது ஒரே ஒரு நட்சத்திரக் குறி என்று அதற்குத் தெரியவே தெரியாது. ஸ்டீஃபன் போர்ன் எழுதி, 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஷெல் இந்தக் கேள்விகளுக்குத் தந்த விடைகளே பெரும்பாலும் இன்றும் நடைமுறையில் உள்ளன.

இந்தப் பகுதியில் கவனம் சிதறினால் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதை 2014 செப்டம்பர் காட்டியது. குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளியான பேஷ் ஷெல், சூழல் மாறிகளின் (நிரல் தொடங்கும்போது அதற்குத் தரப்படும் பெயர்-மதிப்பு விவரங்களின்) வழியே வரும் செயற்கூறு வரையறைகளைத் தொடங்கும்போதே படித்துக்கொள்ளும். வரையறை முடிந்த பிறகும் ஏதேனும் எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றையும் கட்டளையாக இயக்கிவிட்டது. வெளியிலிருந்து வரும் விவரங்களைச் சூழல் மாறிகளில் வைத்து பேஷை அழைத்த இணைய வழங்கிகள் எல்லாம் தாக்குதலுக்குத் திறந்து கிடந்தன. ‘ஷெல்ஷாக்’ என்று பெயர் பெற்ற இந்த ஓட்டையை ஸ்டெஃபான் ஷாஸெலாஸ் கண்டறிந்தபோது அதற்கு வயது ஏறத்தாழ 25. தரவு எது, கட்டளை எது என்ற கோட்டை அழிக்காமல் வைத்திருப்பது ஷெல் எழுதுபவரின் முதல் கடமை.

தமிழ்ப் பெயருள்ள கோப்பு

நீங்கள் எழுதிய சிறிய ஷெல்லில் தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழுக்கென்று ஒரு வரிகூட எழுதியிராவிட்டாலும் அது திறக்கும். இதற்கும் கென் தாம்சனுக்கே நன்றி சொல்ல வேண்டும். 1992 செப்டம்பரில், நியூஜெர்சியின் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் ராப் பைக்குடன் சேர்ந்து அவர் வரைந்ததுதான் யுடிஎஃப்-8 குறியேற்றம்.

அதில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள். அந்த மூன்றில் எதுவும் 128க்குக் குறைவாக இருக்காது. ஷெல்லுக்கு முக்கியமான இடைவெளி, சாய்கோடு, நெடுங்கோடு, ‘>’ எல்லாமே 128க்குக் கீழே உள்ளவை. எனவே ஒரு தமிழ் எழுத்தின் நடுவில் ஷெல் தவறுதலாக வெட்டு விழச்செய்ய வாய்ப்பே இல்லை.

ஆனாலும் வேலை மிச்சமிருக்கிறது. ‘கி’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் இரண்டு குறிகள். வட்டில் ஆறு பைட்டுகள். ஏதாவது ஓர் எழுத்தைக் குறிக்கும் ‘?’ பேஷில் ஒரு குறியோடு மட்டுமே பொருந்துகிறது. ‘கி’யைப் பிடிக்க இரண்டு கேள்விக்குறிகள் தேவை. வரியைத் திருத்தும் பகுதியில் கர்சர் எத்தனை இடம் நகர வேண்டும், பேக்ஸ்பேஸ் எதை அழிக்க வேண்டும் என்பவையும் இதே கணக்கைச் சார்ந்தவை. தமிழ் எழுத்தைத் தமிழர் எண்ணுவதுபோல எண்ணும் ஒரு ஷெல்லை எழுத, தமிழ் அறிந்த நிரலாளரைவிடப் பொருத்தமானவர் யார்?

எங்கிருந்து தொடங்குவது

தேவையானவை ஒரு லினக்ஸ் கணினியும் ஒரு சி கம்பைலரும். முதலில் நான்கு படிச் சுழற்சியை மட்டும் எழுதுங்கள். பிறகு சிடி கட்டளை. அடுத்து கோப்புக்குத் திருப்பிவிடுதல், ஒற்றைக் குழாய், பல குழாய்கள், பின்னணி வேலைகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால், எம்ஐடி தன் மாணவர்களுக்காக உருவாக்கிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தின் ஷெல்லைப் படிக்கலாம். ஏறத்தாழ 500 வரிகளில், ஒரு மாலைப் பொழுதுக்குள் படித்து முடிக்கும் அளவில் அது இருக்கிறது.

ஒவ்வொரு படியிலும் கெர்னலின் ஒரு புதிய பகுதி உங்களுக்குப் பழக்கமாகும். புராசஸ், கோப்பு எண், சிக்னல், டெர்மினல் என்று தேர்வுக்காகப் படித்த சொற்கள் கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளாக மாறும். நாளை ஒரு வழங்கி காரணமின்றி உறைந்து நிற்கும்போது, மூடப்படாத குழாயின் முனை எங்கே என்று முதலில் தேடுபவர் நீங்களாக இருப்பீர்கள்.