பாதியில் நின்ற புதுப்பிப்பு
இல்லக் கணிப்பொறியைச் சீராக்கும் முறை

புனேயிலிருந்து லோனாவ்லா செல்லும் ரயில் பாதையில், பிம்ப்ரி, சிஞ்ச்வட் நிலையங்களை அடுத்து ஆகுர்டி உள்ளது. பஜாஜ் ஆட்டோ நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இங்கு அமைந்துள்ளது. ரயில் நிலையத்தின் அருகே கல்லூரிகள் உள்ளன. ஸீ-டாக் எனப்படும் உயர்நிலைக் கணிப்பொறி வளர்ச்சி மையத்தின் பாடங்களைக் கற்பிக்கும் பயிற்சி நிலையமும் உண்டு. தொழிலாளரும் பொறியாளரும் மாணவரும் நிறைந்த இத்தகைய ஊர்களில் இல்லக் கணிப்பொறி வெறும் பொழுதுபோக்குச் சாதனமன்று. மாணவனின் ஆய்வேடும், குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கும், பல ஆண்டுகளின் புகைப்படங்களும் அதனுள் அடங்கியிருக்கின்றன. அக்கணிப்பொறி இரவில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முற்பட்டு, காலையில் இயங்க மறுக்குமாயின், பதற்றத்தில் செய்யப்படும் ஒரு தவறு அவை யாவற்றையும் அழித்துவிடக்கூடும். ஆனால் புதுப்பிப்பு நடைபெறும் விதத்தை அறிந்தவருக்கு இக்கோளாறு பெரும்பாலும் தீர்க்கக்கூடியதே.

புதுப்பிப்பு ஏன் தேவை?

கணிப்பொறியின் உறுப்புகளை ஒழுங்குபடுத்தி, மற்ற நிரல்கள் வேலை செய்ய இடமளிக்கும் அடிப்படை நிரல் தொகுப்பே இயங்குதளம் எனப்படும். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட இத்தொகுப்பில் பிழைகள் இருத்தல் இயல்பு. அவற்றுள் சில, அயலார் உள்நுழைய வழிசெய்யும் ஓட்டைகளாகவும் அமைந்துவிடுகின்றன. அவ்வோட்டைகளை அடைப்பதே புதுப்பிப்பின் முதன்மையான நோக்கம்.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. அதனை ஏற்காத கணிப்பொறிகள் உலகெங்கும் ஏராளமாக இருந்தன. சரியாக இரண்டு மாதம் கழிவதற்குள், மே 12 அன்று, 'வான்னாக்ரை' என்னும் நச்சு நிரல் அதே ஓட்டையின் வழியாகப் பரவி, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டி வைத்து, திறப்பதற்குப் பணம் கேட்பது அதன் வழக்கம். 2021ஆம் ஆண்டில் இதே வகையான பணம் பறிக்கும் நிரலொன்று, ஆகுர்டி அடங்கிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரின் 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்துக்குரிய சர்வர்களையும் தாக்கியது. ஆகவே, ஒருமுறை புதுப்பிப்பு தவறியது என்பதற்காக அதனை நிரந்தரமாக நிறுத்திவிடுதல் நோய்க்கு அஞ்சி மருந்தை மறுப்பது போன்றதாகும்.

புதுப்பிப்பின் படிகள்

ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் பற்சக்கரத்தை மாற்ற இயலாது. எந்திரத்தை நிறுத்தியே மாற்ற வேண்டும். இயங்குதளத்தின் முக்கியக் கோப்புகளும் அத்தகையனவே. உபயோகத்தில் உள்ள கோப்பை மாற்ற முடியாதாகையால், புதுப்பிப்பு பல படிகளாக நடைபெறுகிறது.

முதலாவதாக, புதிய கோப்புகள் இணையத்தின் வழியே இறக்கப்படுகின்றன. இரண்டாவதாக, அவை பழுதின்றி வந்தனவா எனச் சோதிக்கப்படுகின்றன. கோப்பு முழுவதையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தினால் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு துகள் மாறினாலும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். வெளியீட்டாளர் கையொப்பமிட்டு அனுப்பிய எண்ணுடன் இது ஒத்திருந்தால்தான் மேற்கொண்டு வேலை நடைபெறும். மூன்றாவதாக, புதிய கோப்புகள் தனியிடத்தில் ஆயத்தமாக வைக்கப்படுகின்றன. நான்காவதாக, கணிப்பொறி தன்னை நிறுத்தி மீண்டும் தொடங்கும் இடைவெளியில் பழையவை விலக்கப்பட்டுப் புதியவை இடம்பெறுகின்றன. இறுதியில், புதிய அமைப்பு சரிவர இயங்கினால் மாற்றம் உறுதி செய்யப்படுகிறது. இல்லையேல் பழைய நிலை மீட்கப்படுகிறது. திரையில் 'மாற்றங்கள் நீக்கப்படுகின்றன' என்ற பொருள்பட வரும் செய்தி அழிவின் அறிகுறியன்று. பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்கிறது என்பதற்கே அது சான்று. நான்காம் படியின்போது மின்சாரம் தடைப்படுதலே மிகவும் ஆபத்தானது.

பிழை எண் கூறும் செய்தி

புதுப்பிப்பு தவறும்போது திரையில் ஓர் எண் தோன்றும். அதனைக் குறித்துக்கொள்ளாமல் கணிப்பொறியை அணைத்துவிடுவோர் பலர். உண்மையில், நோயாளியின் நாடி போன்று காரணத்தை உணர்த்துவது அவ்வெண்ணே. இவ்வெண்கள் பதினாறை அடியாகக் கொண்ட முறையில் எழுதப்படுகின்றன. உதாரணமாக, 80070070 என்பதில் 8007 என்னும் முற்பகுதி, பிழை விண்டோஸின் பொதுப் பட்டியலைச் சேர்ந்தது எனக் காட்டுகிறது. இறுதியில் உள்ள 70 என்பதைச் சாதாரண முறைக்கு மாற்றினால், ஏழு பதினாறுகள் சேர்ந்து 112 ஆகும். அப்பட்டியலில் 112ஆம் பிழை 'வட்டில் இடமில்லை' என்பதாகும். அவ்வாறே 80070643 என்பதன் இறுதிப் பகுதி 1603 ஆகும்; நிறுவும் வேலை தோல்வியுற்றது என்பது அதன் பொருள். 800எஃப்081எஃப் என்பது தேவையான மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும். சி1900101 எனத் தொடங்குவது பெரும்பாலும் சாதனங்களை இயக்கும் 'டிரைவர்' நிரல்களில் உள்ள குறையைக் காட்டுவதாகும்.

பிழைக்கு உரிமையாளரே காரணம் என எப்போதும் கொள்ளலாகாது. 2024 ஜனவரி 9 அன்று வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று பல இல்லங்களில் 80070643 என்ற எண்ணுடன் தவறியது. மீட்புக்கென வட்டில் ஒதுக்கப்பட்டிருந்த பகுதியில் 250 மெகாபைட் இடம் அதற்குத் தேவைப்பட்டது. பல கணிப்பொறிகளில் அப்பகுதி அதற்குப் போதுமானதாக இல்லை. பிரதான வட்டில் எவ்வளவு இடம் காலியாக இருந்தும் பயன் இல்லாது போயிற்று.

சீராக்கும் வரிசை

எளிய, தீங்கற்ற வழிகளை முதலிலும், கடுமையானவற்றை இறுதியிலும் கையாளுதல் வேண்டும்.

கணிப்பொறி ஒரே சதவீதத்தில் நின்றிருப்பதாகத் தோன்றினாலும், வட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருக்குமாயின் சில மணி நேரம் காத்திருத்தல் நலம். சதவீதக் கணக்கு சீராக ஏறுவதில்லை. இயங்குதளம் திறக்கும் நிலையில் இருந்தால், தேவையற்ற கோப்புகளை அகற்றி இடம் ஏற்படுத்துக. அச்சுப்பொறி, வெளி வட்டு முதலிய இணைப்புகளைக் கழற்றிவிட்டு மீண்டும் முயல்க. இறக்கப்பட்ட கோப்புகள் பழுதுற்றிருந்தால், புதுப்பிப்புச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தி, அவை சேமிக்கப்பட்ட உறையைக் காலி செய்து, மறுபடி இறக்கலாம்.

அடுத்து, விண்டோஸிலேயே அடங்கியுள்ள இரு பழுதுபார்க்கும் கருவிகள் உதவுகின்றன. 'டிஸம்' என்பது கோப்புகளின் மூலக் களஞ்சியத்தைச் சீராக்கும், 'எஸ்.எஃப்.சி.' என்பது அக்களஞ்சியத்தைக் கொண்டு பழுதுற்ற கோப்புகளை மாற்றும். களஞ்சியமே கெட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் கோப்பும் கெட்டதாகவே இருக்குமாதலால், டிஸம் முதலிலும் எஸ்.எஃப்.சி. பிறகும் உபயோகிக்கப்பட வேண்டும்.

இயங்குதளம் தொடங்கவே மறுத்தால், அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை தொடக்கம் தவறியபின் மீட்புத் திரை தானே தோன்றும். அங்கே தொடக்கத்தைச் சீராக்கும் வழியும், அண்மையில் நிறுவிய புதுப்பிப்பை அகற்றும் வழியும், மிகச் சில நிரல்களை மட்டும் கொண்டு இயங்கும் 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு நிலையும் உண்டு. பதிப்பையே மாற்றும் பெரிய புதுப்பிப்பாக இருப்பின், பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி வழக்கமாகப் பத்து நாட்கள் வரை கிடைக்கும். 'பிட்லாக்கர்' முறையால் வட்டு பூட்டப்பட்டிருந்தால், இத்தருணத்தில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் கேட்கப்படலாம். அது உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருத்தல் கூடும். வேறொரு கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ கணக்கைத் திறந்து பார்க்கலாம். அவ்வெண் இல்லாமல் வட்டைத் திறக்க எந்த நிபுணராலும் இயலாது.

இவையனைத்தும் பயனற்றுப் போனால் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும். அதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்தல் அவசியம். லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய யு.எஸ்.பி. கருவியிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுக்கலாம். சென்னையிலுள்ள ஸீ-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளமும் லினக்ஸ் வகையினதே. லினக்ஸ் கணிப்பொறியிலேயே புதுப்பிப்பு தவறினால், தொடக்கப் பட்டியலில் பொதுவாகப் பழைய கருநிரலும் வைக்கப்பட்டிருக்கும். அதனைத் தேர்ந்து தொடங்கி, பாதியில் நின்ற தொகுப்புகளின் அமைப்பை முடிக்கும்படி கட்டளையிட்டால் பெரும்பாலும் போதும்.

ஒரு கோப்பு அளித்த பாடம்

2024 ஜூலை 19 காலையில் 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு நிரலின் புதுப்பிப்புக் கோப்பு ஒன்று உலகெங்கும் அனுப்பப்பட்டது. நிரல் 21 தகவல்களை எதிர்பார்த்தது. அதற்கு அளிக்கப்பட்டவை 20 மட்டுமே. இல்லாத ஒன்றைப் படிக்க முயன்றதால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையுடன் நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் வழங்கப்பட்டன. கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. எனினும் நின்றுபோன பல கணிப்பொறிகள் இணையத்தை அடைய இயலாமையால் அத்திருத்தம் அவற்றை எட்டவில்லை. ஒவ்வொன்றையும் மனிதர் அணுகி, பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அவ்வொரு கோப்பை நீக்க வேண்டியதாயிற்று. பெரு நிறுவனங்கள் கையாண்ட இம்முறையும் இல்லத்தில் கையாளத்தக்க முறையும் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

முன்னேற்பாடுகள்

முக்கியமான கோப்புகளின் நகல், கணிப்பொறியினின்று கழற்றி வைக்கப்பட்ட வெளி வட்டில் இருத்தல் வேண்டும். மேசைக் கணிப்பொறிக்கு யு.பி.எஸ். இணைப்பதும், மடிக்கணினியை மின்சாரத்தில் பொருத்தி வைப்பதும் நன்று; மழைக்காலத்து மின்தடைகளின்போது இதன் அருமை புலப்படும். வட்டில் எப்போதும் 20 ஜிகாபைட் அளவேனும் காலியாக இருத்தல் நலம். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். மீட்பு யு.எஸ்.பி. கருவியைக் கணிப்பொறி நலமாக உள்ளபோதே ஆயத்தம் செய்தல் வேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதையும் அதனை உபயோகிப்போர் கருத்தில் கொள்ளுதல் அவசியம். மத்திய அரசின் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழுவாகிய 'செர்ட்-இன்', புதிய ஓட்டைகளையும் அவற்றுக்கான திருத்தங்களையும் பற்றிய எச்சரிக்கைகளைத் தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது.

இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் நிறுவலாம்; நகலெடுக்கப்படாத கோப்பு ஒருமுறை அழிந்தால் திரும்பக் கிடைப்பது அரிது. ஆகவே, புதுப்பிப்பு தவறிய கணிப்பொறியின் முன் அமர்பவர் முதலில் காக்க வேண்டியது இயங்குதளத்தையன்று, அதனுள் இருக்கும் கோப்புகளையே.