தாவரவியல் படித்தால் என்ன ஆகலாம்?

தம்பி தங்கைகளே, துப்பறியும் கதை ஒன்றோடு தொடங்குவோம். இது உண்மையில் நடந்தது.

1932 மார்ச்சில், அமெரிக்காவில் புகழ்பெற்ற விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் குழந்தையை யாரோ கடத்திவிட்டார்கள். வீட்டருகே ஒரு மர ஏணி கிடந்தது. அதை ஆராய்ந்தவர் ஆர்தர் கோலர். அவர் போலீஸ்காரர் அல்ல, மரங்களைப் பற்றிப் படித்தவர். ஏணியைக் கட்டை கட்டையாகப் பிரித்தார். நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்து, எது பைன், எது பிர்ச் என்று சொன்னார். பலகையில் இழைப்பு இயந்திரம் விட்டிருந்த தடங்களை வைத்து, அது எந்த ஆலையில் இழைக்கப்பட்டு எந்த மரக்கடைக்கு வந்தது என்று தேடிப் பிடித்தார். 1934இல் ஒருவர் கைதானார். ஏணியின் ஒரு சட்டமும் அவர் வீட்டுப் பரணில் இருந்த பலகையும் ஒரே மரத்துண்டிலிருந்து அறுக்கப்பட்டவை என்று ஆண்டு வளையங்களைக் கொண்டு கோலர் நீதிமன்றத்தில் காட்டினார்.

மரத்தின் செல்லைப் பார்க்கத் தெரிந்தவர் ஒரு குற்ற வழக்குக்குச் சான்று தந்தார். அதே நுண்ணோக்கி வேறு ஒருவர் கையில் என்ன செய்தது என்று பார்ப்போமா?

கோயம்புத்தூரில் 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. விவசாயிகள் கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை வெட்டி நடுவார்கள். கரணையில் வளர்வது தாய்க்கரும்பின் அச்சாகவே இருக்கும். புதிய ரகம் வேண்டுமென்றால் பூவும் விதையும் வேண்டும். கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் இடம் கோயம்புத்தூர். அங்கே வெங்கட்ராமன் என்ற அறிவியலாளர், சாறு மிகுந்த தடித்த கரும்பை அதன் காட்டு உறவான நாணலோடு கலந்தார். காட்டுப் புல்லில் இனிப்பு குறைவு, தாங்கும் வலிமை அதிகம். இரண்டும் சேர்ந்து 1918இல் வட இந்தியாவுக்கு ஏற்ற ‘கோ 205’ ரகம் வந்தது.

1934இல் அந்த நிலையத்தில் ஜானகி அம்மாள் சேர்ந்தார். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றவர். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவதில் கைதேர்ந்தவர். நம் உடலின் செல்லில் 46 குரோமோசோம்கள். தடித்த கரும்பிலோ 80! காட்டு நாணலில் இந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். எந்தச் செடியை எதனோடு கலக்கலாம் என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு தேவை. பின்னர் இங்கிலாந்தில், பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெரிய நூலை டார்லிங்டன் என்ற அறிவியலாளரோடு சேர்ந்து 1945இல் வெளியிட்டார்.

செடியின் வேதியியலைப் படித்தவர்களும் உண்டு. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் இலை, சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று கனடாவில் சோதித்தார்கள். அதற்கு உதவவில்லை. ஆனால் அதன் சாறு எலிகளின் வெள்ளை அணுக்களைக் குறைத்தது. அந்த வழியில் தேடியபோது புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றான வின்கிரிஸ்டின், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படுகிறது.

தாவரவியல் படிப்புக்கு எப்படிப் போவது? பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் அல்லது தாவரவியல் எடுத்துப் படியுங்கள். பிறகு கல்லூரியில் தாவரவியல் பட்டம் உண்டு. வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல் என்று நான்கு ஆண்டுப் படிப்புகளும் உண்டு. படித்தவர்கள் புதிய ரகம் உருவாக்கலாம், பயிர் நோயைக் கண்டறியலாம், திசு வளர்ப்புக் கூடத்தில் வாழைக்கன்று உற்பத்தி செய்யலாம், கல்லூரியில் கற்பிக்கலாம். இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம். காடு காடாகப் போய்ச் செடிகளைப் பதிவு செய்யும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்திலும் பணியாற்றலாம்.

இதற்கான பழக்கத்தை இந்த வாரமே தொடங்குங்கள். ஒரு களைச்செடியைப் பூவோடும் வேரோடும் எடுத்துச் செய்தித்தாள்களுக்கு நடுவில் வையுங்கள். மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள். காய்ந்ததும் அட்டையில் ஒட்டி, எங்கே, எந்த நாளில் எடுத்தது, பூவின் நிறம் என்ன என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.