நெஞ்சுக் கட்டியை எடுப்பது ரோபோவா, டாக்டரா?

மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் 'டாடா' என்றாலே பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைதான். 1941-இல் தொடங்கிய அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் 2014-இல் ரோபோ அறுவைக் கருவி வந்தது. "ரோபோ ஆபரேஷன்" என்றதும் வீட்டார் முதலில் கேட்பது: "அப்போ டாக்டர் இருக்க மாட்டாரா?"

இருப்பார். ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை. அதே அறையில், சில அடி தள்ளி உட்கார்ந்து மருத்துவர் விரல்களை அசைக்க, நோயாளியின் மார்புக்குள் இருக்கும் கருவிகளும் அப்படியே அசைகின்றன. கருவி நுழையும் துளை சுமார் 8 மி.மீ. உள்ளே இருப்பது பெரிதாக, முப்பரிமாணத்தில் தெரியும். கருவியின் நுனி மணிக்கட்டைப் போலத் திரும்பும். கை நடுக்கம் அதை எட்டாது.

மார்பில் என்ன பயன்?

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தை ஒட்டி இருப்பது தைமஸ் சுரப்பி. அதில் வரும் கட்டி தைமோமா. பழைய முறையில் மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறப்பார்கள். ரோபோ முறையில் விலா இடுக்குகளே வழி. பக்கத்திலேயே மூச்சுத் தசையை இயக்கும் நரம்பு ஓடுகிறது. அதற்கு அடிபடக் கூடாது. கட்டியின் உறையும் கிழியாமல் வர வேண்டும். இந்த நெருக்கடியான இடத்தில்தான் வளையும் நுனி கைகொடுக்கிறது.

எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டாம். பெரிய ரத்தக்குழாய்களுக்குள் பரவிய கட்டிக்குப் பெரும்பாலும் திறந்த அறுவையே பாதுகாப்பு. சிறு துளை வழியாகச் செய்ய ரோபோதான் வேண்டும் என்பதும் இல்லை; சாதாரண கேமரா வழி அறுவையும் உண்டு. நுரையீரல் புற்றுக்காக அறுவை செய்துகொண்ட 503 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. சாதாரண கேமரா வழி அறுவை பெற்றவர்கள், 5 வாரத்தில் திறந்த அறுவை பெற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆகவே ரோபோவுக்கென்று நகையை அடகு வைக்கும் முன், "கேமரா முறை எனக்குப் போதுமா?" என்று கேளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது

மும்பையில் காசநோய் அதிகம். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் 'டிபி' என்று மருந்து தொடங்கி, மாதங்கள் போனபின் புற்று தெரியவருவதும் உண்டு. சளியில் கிருமி இல்லை, மருந்திலும் குணமில்லை என்றால் சி.டி. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். எந்த ரோபோவும் இழந்த மாதங்களைத் திருப்பித் தராது.