மாற்றுச் சிறுநீரகம்: ஆண்டுகள் பல கடந்தும் மாத்திரை ஏன்?

“மாற்றுச் சிறுநீரகம் பொருத்திப் பத்தாண்டுகள் ஆகிவிட்டன, உடலும் நலமாக உள்ளது. இனியும் மாத்திரை வேண்டுமா?” நோயாளிகளும் குடும்பத்தினரும் அடிக்கடி எழுப்பும் வினா இது. வேண்டும் என்பதே விடை. அதற்கான காரணம் நம் குருதியில் உலவும் வெள்ளை அணுக்களில் உள்ளது.

இவற்றுள் டி-செல்கள் காவலர் போன்றவை. உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள புரத அடையாளங்களை ஆராய்ந்து, தன்னுடையது எது, அயலது எது எனப் பிரித்தறிகின்றன, அயலதைத் தாக்குகின்றன. பி-செல்கள் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. கிருமிகளை அழிக்கும் இதே ஆற்றல், கொடையாகப் பெற்ற சிறுநீரகத்தையும் பகையாகவே கருதும்.

1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் மர்ரே குழுவினர் நிகழ்த்திய முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை, ஒத்த இரட்டையரிடையே நடைபெற்றது. இருவரின் அடையாளங்களும் ஒன்றாக இருந்தமையால் உடல் அவ்வுறுப்பை ஏற்றது. மற்றவர்க்கு அவ்வாறு அமைவதில்லை. பெற்றோர் தந்த சிறுநீரகத்தில்கூட, ஒத்திருக்கும் என உறுதியாகக் கூறத்தக்கவை பாதி அடையாளங்களே. தமிழகத்தில் 2008-இல் தொடங்கிய, மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக் கொடைத் திட்டத்தின் வழியாகப் பெற்ற உறுப்பில் வேறுபாடு பெரும்பாலும் இன்னும் மிகுதி.

காலம் செல்லச் செல்ல எதிர்ப்பு தணியுமேயன்றி முற்றிலும் மறைவதில்லை. இளமையில் இட்ட தடுப்பூசியைப் பல்லாண்டுகள் நினைவில் வைத்திருக்கும் நினைவணுக்கள், அயல் உறுப்பின் அடையாளத்தையும் அவ்வாறே நினைவில் கொள்கின்றன. மாத்திரை அடிக்கடி தவறினால் புதிய எதிர்ப்பொருள்கள் தோன்றி, சிறுநீரகத்தின் நுண்குருதிக் குழாய்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கக்கூடும். அப்போது வலி இராது; சிறுநீரும் வழக்கம்போல் பிரியலாம். கிரியேட்டினின் உயர்வதைக் காணும்போது, மீட்க இயலாத பழுது ஏற்பட்டிருக்கக்கூடும். எனவே நலமாக உணர்வது மட்டுமே பாதுகாப்பிற்குச் சான்றாகாது.

நினைவில் கொள்ள வேண்டியவை:

• மாத்திரைகளை நாள்தோறும் குறித்த நேரத்தில் உட்கொள்க. டாக்ரோலிமஸ் அளவைச் சோதிக்கும் நாளில், காலை மாத்திரைக்கு முன்னரே இரத்தம் கொடுக்க.

• நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டும் எனக் கூறப்படும் கஷாயம், லேகியம், பொடி ஆகியவற்றை எங்களைக் கேளாமல் உட்கொள்ளற்க. பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்க்க. அது குருதியில் மருந்தின் அளவை உயர்த்தும்.

• காசநோய் மருந்து, பூஞ்சைத் தொற்று மருந்து, வலி மாத்திரை ஆகியவற்றை வேறு மருத்துவர் எழுதித் தந்தால், மாற்று உறுப்பு பெற்றதை அவரிடம் கூறுக.

• மாத்திரைகள் காவலரை அடக்கிவைப்பதால் தொற்று எளிதில் பரவும். காய்ச்சல் கண்டால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வருக.

• தைப்பூசத்திற்குக் குன்றக்குடி வழியே பழனிக்கு நடைப்பயணம் செல்ல விரும்புவோர், முன்னதாக மருத்துவரைக் கலந்து, மாத்திரைகளைக் கையோடு கொண்டு செல்க. கொதித்தாறிய நீரையே பருகுக.

குடும்பத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். பணமின்மையாலோ பக்கவிளைவினாலோ மாத்திரையைத் தொடர இயலாத நிலை வந்தால், நிறுத்துவதற்கு முன்னரே எங்களிடம் தெரிவியுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றவும், உதவிக்கு வழி தேடவும் அப்போது காலம் இருக்கும்.