பளபளக்கும் எஸ்.எஸ். போல்ட்: கார் இன்ஜினில் எங்கே போடலாம், எங்கே கூடவே கூடாது?

மழைக்காலம் முடிந்து கார் பானெட்டைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது துருப்பிடித்த போல்ட்டுகள்தான். "எல்லாத்தையும் கழட்டிட்டு எஸ்.எஸ். போட்டுடுங்க, துருவே பிடிக்காது" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தொடங்கி ஆன்லைன் தளங்கள் வரை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன.

யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனால், துருப்பிடிக்காதது வேறு, பலமானது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால், சில ரூபாய் போல்ட் ஒன்று மொத்த இன்ஜினுக்கும் செலவு வைத்துவிடும்.

போல்ட் தலையில் இருக்கும் எண் என்ன சொல்கிறது?

காரில் வரும் சாதாரண ஸ்டீல் போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என ஏதாவது ஓர் எண் இருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால், அந்த உலோகம் எவ்வளவு இழுவிசையைத் தாங்கும் என்பது மெகாபாஸ்கலில் கிடைக்கும். 10.9 என்றால் 1,000. புள்ளிக்குப் பின்னால் வரும் 9, அதில் 90 சதவீதம், அதாவது 900 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது.

எஸ்.எஸ். போல்ட்டுக்குக் கணக்கு வேறு. கடைகளில் பரவலாகக் கிடைப்பது ஏ2-70 வகை. இதன் இழுவிசை 700 மெகாபாஸ்கல். ஆனால் 450-ஐத் தாண்டினாலே நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும். அதாவது, 10.9 போல்ட் தாங்குவதில் சரிபாதி!

அதனால் என்ன ஆகும்?

போல்ட்டை முறுக்கும்போது அது ரப்பர் பேண்ட் போல லேசாக இழுபடுகிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கிறது. 10.9 போல்ட்டுக்குச் சொல்லப்பட்ட டார்க் அளவில் ஏ2-70 போல்ட்டை முறுக்கினால், அது நீண்டுபோகும், இல்லாவிட்டால் அறுந்துபோகும். சரி, குறைவாக முறுக்கலாமே என்றால், பிடிமானம் போதாமல் அதிர்வில் லூஸ் ஆகிவிடும்.

சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ராட், ஃபிளைவீல், இன்ஜின் மவுன்ட், பிரேக் காலிப்பர், சஸ்பென்ஷன் ஆகிய இடங்களில் கடையில் கிடைக்கும் எஸ்.எஸ். போல்ட்டுக்கு இடமே இல்லை. அங்கெல்லாம் கார் நிறுவனத்தின் பார்ட் நம்பரைப் பார்த்து அதே போல்ட்டை வாங்குவதுதான் ஒரே வழி. பல கார்களில் ஹெட் போல்ட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். பந்தயக் கார்களுக்கென்று அதிக பலமுள்ள எஸ்.எஸ். போல்ட்டுகள் தனியாகத் தயாரிக்கப்படுகின்றன. அவை ஹார்டுவேர் கடைச் சரக்கு அல்ல.

அப்போ எஸ்.எஸ். எங்கே நல்லது?

பாரம் குறைவான இடங்களில். ஏர் ஃபில்டர் பெட்டி, ரேடியேட்டர் ஃபேன் மூடி, பிளாஸ்டிக் கவர்கள், ஒயரிங் கிளிப், நம்பர் பிளேட் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். சாதாரண பயன்பாட்டுக்கு ஏ2 போதும். கடலோரத்தில் நிற்கும் காருக்கு ஏ4 நல்லது. இதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும்.

எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் யோசிக்க வேண்டும். ஏ2, ஏ4 இரண்டுமே சூட்டில் சாதாரண ஸ்டீலைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகமாக விரியும். சூடேறி ஆறும்போதெல்லாம் பிடிமானம் மாறும். அங்கே கம்பெனி ஸ்டட்டும் நட்டும்தான் பாதுகாப்பு.

"முறுக்கும்போதே ஜாம் ஆகிடுச்சு"... ஏன்?

எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருக்கக் காரணம், அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் உருவாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை வேகமாக முறுக்கினால், உராய்வில் இந்தப் படலம் கிழிந்து, உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

தப்பிக்க வழி எளிது. மரையைச் சுத்தம் செய்து, ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, கையால் மெதுவாக முறுக்க வேண்டும். ஏர் கன் வேண்டவே வேண்டாம். பேஸ்ட் தடவினால் உராய்வு குறையும். அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும் என்பதால், காய்ந்த மரைக்குச் சொன்ன அளவை அப்படியே வைக்கக் கூடாது.

அலுமினிய பாகத்தில் எஸ்.எஸ். போல்ட் போடும்போதும் இந்தப் பேஸ்ட் அவசியம். ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கும். அரிக்கப்படுவது அலுமினியம்தான். மரைக்குள் வெள்ளைத் தூள் சேர்ந்து போல்ட் இறுகிவிடும். கழற்றும்போது அலுமினிய மரையும் சேர்ந்து வந்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• முத்திரை: தலையில் ஏ2-70 அல்லது ஏ4-80 போன்ற குறியும், தயாரிப்பாளரின் அடையாளமும் இருக்க வேண்டும். 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அறுகோணத் தலை போல்ட்டில் எதுவுமே இல்லையா? திருப்பிக் கொடுத்துவிடலாம்.

• காந்தம்: ஏ2, ஏ4 போல்ட்டுகளில் காந்தம் லேசாக ஒட்டலாம். தயாரிக்கும்போது கிடைக்கும் அழுத்தமே அதற்குக் காரணம். 'டப்'பென்று பலமாக ஒட்டினால் சந்தேகப்படலாம். ஆனால், காந்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

• மரை இடைவெளி: எம்10 போல்ட்டில் 1.5, 1.25 என இரண்டும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பொருந்தாது. பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துச் செல்வதே நல்லது.

• நீளம்: அடி மூடிய துளையில் நீளமான போல்ட் போட்டால் நுனி அடியில் முட்டும். இறுகிவிட்ட மாதிரி தெரியும், ஆனால் பாகம் பிடிக்காது. மேலும் முறுக்கினால் வார்ப்பே விரிசல் விடலாம்.

கடைக்காரர் "இது எஸ்.எஸ்., நம்பி வாங்குங்க" என்றால் அடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "கழட்டின போல்ட்டோட தலையில என்ன நம்பர் இருக்கு?" அங்கே 8.8 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஏ2-70 அதற்கு மாற்று அல்ல.