ஒரே பீட்டர், இரண்டு ஒலிவியா... தெரியுமா?

காதலனை இன்னொருத்தி தட்டிப் பறித்தால் சண்டை போடலாம். அந்த இன்னொருத்தியும் நீங்களே என்றால்? இப்படியும் ஒரு காதல் கதை டிவியில் வந்திருக்கிறது, தெரியுமா? 2008 முதல் 2013 வரை அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் 5 சீசன், 100 எபிசோட் ஓடிய ‘ஃப்ரிஞ்ச்’தான் அது! (முடிச்சுகள் எல்லாம் கீழே அவிழப்போகின்றன. இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.)

விசித்திரமான வழக்குகளைத் துப்பறியும் எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஒலிவியா. அவளுக்குத் துணையாக விஞ்ஞானி வால்டர் பிஷப், அவர் மகன் பீட்டர். ஒலிவியாவுக்கும் பீட்டருக்கும் மெல்ல மெல்லக் காதல். அட, வழக்கமான கதை என்று நினைக்கும்போது குண்டைத் தூக்கிப் போடுகிறார்கள். பீட்டர் இந்த உலகத்துப் பிள்ளையே இல்லை! வால்டரின் சொந்த மகன் சிறு வயதிலேயே நோயில் இறந்துவிட்டான். பக்கத்துப் பிரபஞ்சத்தில் அதே நோயோடு கிடந்த இன்னொரு பீட்டரைக் காப்பாற்ற 1985-ல் அங்கே நுழைந்தவர், திருப்பி அனுப்ப மனம் வராமல் தன்னோடேயே வைத்துக்கொண்டார்.

அந்தப் பிரபஞ்சம் எப்படிப்பட்டது தெரியுமா? நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் அங்கே இடியாமல் நிற்கின்றன. வானத்தில் ராட்சத ஆகாயக் கப்பல்கள் மிதக்கின்றன. சுதந்திர தேவி சிலை பச்சை பூக்காமல் செம்பு நிறத்தில் மின்னுகிறது. அங்கேயும் ஒரு ஒலிவியா! செம்பட்டைக் கூந்தல், கலகல சிரிப்பு, உயிரோடு இருக்கும் அம்மா, ஃப்ராங்க் என்றொரு டாக்டர் காதலன். இரண்டாம் சீசன் முடிவில், உண்மை தெரிந்து அங்கே போய்விட்ட பீட்டரை மீட்கப் போகிறாள் நம் ஒலிவியா. திரும்பி வருவதோ, தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்ட அந்த ஒலிவியா!

இங்கேதான் தொடரின் அசாத்திய துணிச்சல். மூன்றாம் சீசனின் முதல் ஏழு எபிசோடுகளும் ஒன்றுவிட்டு ஒன்று இரண்டு உலகங்களில் நடக்கின்றன. டைட்டில் சிவப்பாக வந்தால் அந்த உலகம், நீலமாக வந்தால் இந்த உலகம். எட்டாவதில் இரண்டு நிறமும் சேர்ந்தே வருகிறது! நீல உலகத்தில் பீட்டர், வந்திருப்பவள் வேறொருத்தி என்று தெரியாமலேயே அவளோடு குடும்பம் நடத்தாத குறையாகப் பழகுகிறான். சிவப்பு உலகத்தில் சிறைப்பட்ட ஒலிவியாவுக்கோ மூளையில் அந்த ஒலிவியாவின் நினைவுகளை ஏற்றிவிட்டார்கள். தான் யார் என்பதே மறந்துபோன அவளுக்கு, கண் முன்னே தோன்றித் தோன்றி உண்மையை நினைவூட்டுவது யார்? அவள் மனம் உண்டாக்கிய பீட்டர்! நிஜப் பீட்டர் போலியிடம் ஏமாந்துகொண்டிருக்க, மாயப் பீட்டர் நிஜ ஒலிவியாவைக் காப்பாற்றுகிறான். ஒரே நேரத்தில் இரண்டு காதல்கள் ஓடுகின்றன, இரண்டிலும் ஒருவர் இல்லவே இல்லை!

உளவாளி ஒலிவியா தன் உலகத்துக்குத் தகவல் அனுப்பும் விதமும் அட்டகாசம். ஒரு பழைய தட்டச்சு இயந்திரக் கடையின் உள்ளறையில் செலெக்ட்ரிக் 251 என்ற மெஷின். இந்த உலகத்தில் தயாரிக்கப்படவே இல்லாத மாடல் அது! எதிரே ஒரு கண்ணாடி. அவள் அடித்து முடித்ததும், யாரும் தொடாமல் விசைகள் தானாக அசைந்து பதில் வரும்.

சரி, நம் ஒலிவியா தப்பி வந்த பிறகு? கட்டிப்பிடித்து சுபம் போட்டிருந்தால் இந்தத் தொடரைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. தன் அலமாரியில் இருந்த துணிகளை அள்ளி வீசுகிறாள். படுக்கை விரிப்பை உருவி எறிகிறாள். என் வீட்டில், என் வேலையில், என் படுக்கையில் எங்கே பார்த்தாலும் அவள்தான் இருக்கிறாள் என்று பீட்டரிடம் குமுறுகிறாள். வித்தியாசம் உனக்குத் தெரியவில்லையா என்பதுதான் அவளுடைய வலி. இந்த இரண்டு பேராகவும் நடித்தது ஆஸ்திரேலிய நடிகை அன்னா டோர்வ். இரட்டை வேடம் நமக்குப் புதிதில்லைதான். ஆனால் ஒருத்தி இன்னொருத்தியாக நடிப்பதையும் சேர்த்தால் இது நாலு வேடம்!

சிக்கல் இதோடு தீரவில்லை. அந்த ஒலிவியா கர்ப்பம்! தந்தை பீட்டர். செய்தி தெரிந்ததும் ஃப்ராங்க் விலகிப் போய்விடுகிறான். குழந்தைக்கு ஹென்றி என்று ஏன் பெயர் வைத்தாள் தெரியுமா? முன்பு நம் ஒலிவியா தப்பி ஓட உதவிய அதே டாக்ஸி டிரைவர் ஹென்றிதான், பின்னால் அந்த ஒலிவியாவுக்குப் பிரசவ நேரத்திலும் துணை நின்றார். கடைசியில் காலமே மாறி, அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் தொடரிலேயே ஆறாத காயம் அதுதான். ஈடுகட்டுவது போல ஒன்று செய்தார்கள். நம் ஒலிவியாவைக் காதலித்துக் கிடைக்காமல் போன இந்த உலகத்து ஏஜென்ட் லிங்கன் லீ, இரண்டு உலகங்களுக்கும் இடையே உருவாகியிருந்த பாலம் மூடும்போது அந்தப் பக்கமே தங்கி, அந்த ஒலிவியாவோடு சேர்ந்துவிடுகிறான்!

இன்னொன்று தெரியுமா? முதல் சீசனில் ஒலிவியாவின் காதலன் ஜான் ஸ்காட்டாக வந்து ஆரம்பத்திலேயே செத்துப்போகும் மார்க் வேலியை, அன்னா டோர்வ் அதே 2008-ல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்! (அது நீடிக்கவில்லை.)

நிஜமும் கதையும் குழம்புவதில் ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ இதைவிட மோசம். மேஜர் கிராவாக நடித்த நானா விசிட்டர் கர்ப்பமானதும், விபத்தில் சிக்கிய கெய்கோ ஓ’பிரையனின் சிசுவை கிராவின் வயிற்றுக்கு மாற்றியதாக 1996-ல் கதை பண்ணினார்கள். மாற்றியது டாக்டர் பஷீர். பஷீராக நடித்த அலெக்சாண்டர் சித்திக்தான் அந்தக் குழந்தையின் நிஜ அப்பா! ‘பாபிலோன் 5’-இல் கேப்டன் ஷெரிடனின் இறந்துபோன மனைவி திரும்பி வருகிறாள். அந்த வேடத்தில் வந்த மெலிசா கில்பர்ட், ஷெரிடனாக நடித்த புரூஸ் பாக்ஸ்லைட்னரின் அப்போதைய நிஜ மனைவி.

ஆனால் ஒலிவியாவின் கதையைத் தலைகீழாக்கி அதற்கு முன்பே எடுத்துவிட்டது ‘ஃபார்ஸ்கேப்’. 2001-ல் வந்த மூன்றாம் சீசனில் நாயகன் ஜான் கிரைட்டன் இரண்டாகிவிடுகிறான். அசல், நகல் என்று பிரிக்கவே முடியாது, இருவருமே அசல்! கல்-காகிதம்-கத்தரி ஆடினால் ஒவ்வொரு முறையும் டிரா. அடையாளத்துக்கு ஒருவனுக்குப் பச்சை டிஷர்ட், இன்னொருவனுக்குக் கறுப்பு. ஆளுக்கொரு விண்கப்பலில் பிரிகிறார்கள். நாயகி எரின் கறுப்புச் சட்டைக்காரனோடு போய் உயிருக்குயிராகக் காதலிக்கிறாள். அவன் அவள் கண்முன்னேயே சாகிறான். திரும்பி வந்தால் அதே முகம், அதே சிரிப்பு, அதே காதலோடு பச்சைச் சட்டைக்காரன் காத்திருக்கிறான்! அவளால் அவனை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. அவனோ தன் மேலேயே பொறாமைப்படுகிறான்.

இரண்டில் எது உசத்தி என்றால் என் ஓட்டு ஃபார்ஸ்கேப்புக்குத்தான். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அதனால் யார் மேலும் கோபப்பட வழியில்லை. முதலில் பார்க்க வேண்டியது மட்டும் ஃப்ரிஞ்ச். ஆரம்ப எபிசோடுகள் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.