நீரில் இலக்கணம் கண்டவர்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் அமெரிக்க நாட்டு நீச்சல் பயிற்றுநர் ஒருவரைப் பற்றிய கட்டுரை எதற்கு என்னும் வினா எழலாம். அதற்கான விடையை நம் வகுப்பறையிலிருந்தே தொடங்குவோம். ‘மரம்’ என்பதோடு ‘வேர்’ சேர்ந்தால் என்னவாகும் என்று கேட்டால், எந்த மாணவரும் தயங்காது ‘மரவேர்’ என்பார். ‘கிளை’ சேர்ந்தால் ‘மரக்கிளை’ என்பார். ஓரிடத்தில் மகரம் கெட்டு நிற்க, மற்றோரிடத்தில் வல்லினம் மிகுந்தது ஏன் என்று கேட்டாலோ வகுப்பு அமைதியாகிவிடும். நாவுக்குத் தெரிந்தது அறிவுக்குத் தெரிவதில்லை. மக்கள் நாவில் வழங்குவதை உற்றுநோக்கி விதி காண்பவனே இலக்கணி. நீச்சல் துறையில் அப்பணியைச் செய்தவர் ஜேம்ஸ் கவுன்சில்மன். அதனாலேயே அவர் நம் துறைக்கு அயலார் அல்லர் எனக் கருதுகிறோம்.

1920ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் பிறந்த கவுன்சில்மன், மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் வளர்ந்தார். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்பு நீச்சல் வீரராக விளங்கினார். இரண்டாம் உலகப்போர் அவரது படிப்பையும் விளையாட்டையும் ஒருங்கே நிறுத்தியது. பி-24 குண்டுவீச்சு விமானத்தின் விமானியாக அவர் ஐரோப்பிய வான்வெளியில் பறந்தார். யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் அருகே தம் விமானத்தைத் தரையில் மோதி இறக்க நேர்ந்தும் உயிர் பிழைத்தார், வீரப்பதக்கமும் பெற்றார். 1944இல் நடைபெறவேண்டிய ஒலிம்பிக் போட்டி போரினால் நடைபெறவேயில்லை. வீரராக அவர் அடைந்திருக்கக்கூடியது எதுவோ, அது அப்போரோடு போயிற்று.

போர் முடிந்து மீண்டும் கல்லூரிக்கு வந்தவர் படிப்பை விடவில்லை. இலினாயில் முதுகலையும், 1951இல் அயோவா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். ‘டாக்’ என்று மாணவர் அழைத்த பெயர் அப்பட்டத்தால் வந்தது. உடற்கல்வி ஆசிரியர் என்றாலே விழா நாளில் பந்தலுக்குக் கயிறு கட்டவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் உரியவர் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து மேலே படிக்க வேண்டுகிறோம்.

நியூயார்க் மாநிலத்துக் கார்ட்லண்ட் கல்லூரியில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1957இல் இந்தியானா பல்கலைக்கழகத்திற்கு வந்தார். புளூமிங்டன் என்னும் சிற்றூரில் அமைந்த அப்பல்கலைக்கழகத்தில் 1990 வரை, அதாவது 33 ஆண்டுகள், அவர் பயிற்றுநராகவும் ஆசிரியராகவும் இருந்தார்.

அந்நாளில் மார்பு நீச்சலில் கால்களை அகல விரித்து, பின் ஒன்றுசேர்த்து இறுக்கினால், இடையில் அகப்பட்ட நீர் பிதுங்கி உடலை முன்தள்ளும் என்று நம்பினர். இந்நம்பிக்கை எவராலும் சோதிக்கப்படாமலே தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. கவுன்சில்மன் இதனை ஏற்கவில்லை. முழங்கால்களை அதிகம் விரிக்காது, பாதங்களால் சாட்டை சுழற்றுவதுபோல் நீரைப் பின்தள்ளும் முறையைத் தம் மாணவர் செட் ஜாஸ்ட்ரெம்ஸ்கிக்குக் கற்பித்தார். 1961ஆம் ஆண்டுக் கோடையில் அம்மாணவர் 100 மீட்டர் மார்பு நீச்சலின் உலகச் சாதனையை மீண்டும் மீண்டும் முறியடித்து, 1 நிமிடம் 7.5 நொடிக்குக் கொணர்ந்தார். ஒரே கோடையில் மூன்று நொடிக்கு மேல் குறைந்தது. அந்நாளில் நொடியைப் பத்தாகப் பகுத்து வெற்றி தோல்வி கண்ட ஒரு விளையாட்டில் மூன்று நொடி என்பது எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பின்னாளில் ஜாஸ்ட்ரெம்ஸ்கி மருத்துவரானார்.

ஆனால் உலகச் சாதனை படைத்த அம்மாணவர்களால் தம் நாட்டுக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் அவ்வாண்டு கலந்துகொள்ள இயலவில்லை. பல்கலைக்கழகத்தின் கால்பந்துத் துறையில் வீரர்களைச் சேர்த்ததில் விதிமீறல் நிகழ்ந்ததெனக் கண்டு, 1960இல் எல்லா விளையாட்டுகளுக்கும் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. குற்றம் கால்பந்துக்கு, தண்டனை நீச்சலுக்கும். அந்நான்காண்டுகளே ஒரு மாணவரின் கல்லூரி வாழ்க்கை முழுவதும் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர். பிற போட்டிகளில் உலகையே வென்றுகொண்டு, இப்போட்டியில் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்ற அம்மாணவர்களை அவர் தளராமல் பயிற்றுவித்தார். அவர் வந்து 11 ஆண்டுகள் கழித்து, 1968இல்தான் இந்தியானாவுக்கு முதல் தேசிய வாகை கிடைத்தது. பின்னர் 1973 வரை தொடர்ந்து ஆறு முறை அவ்வாகை அவர்களுக்கே உரியதாயிற்று.

இனி அவருடைய ஆய்வுக்கு வருவோம். சாதனையாளர்கள் தாம் செய்வதாகச் சொன்னது ஒன்று. நீருக்கடியில் எடுத்த படம் காட்டியது வேறு. கையை நேராக நீட்டி இழுப்பதாகச் சொன்னவரின் முழங்கை மடங்கியிருந்தது. இதனைக் கண்ட கவுன்சில்மன் வாய்மொழியை விட்டுப் படச்சுருளையே சான்றாகக் கொண்டார். அதன் விளைவாக 1968இல் வெளிவந்த ‘நீச்சல் அறிவியல்’ என்னும் நூல் பல நாட்டுப் பயிற்றுநர்க்கும் பாடநூலாயிற்று. நீரைப் பின்னோக்கித் தள்ளினால் உடல் முன்னோக்கிச் செல்லும் என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியே அதன் அடிப்படை.

நூல் புகழ்பெற்றதும் பலர் அத்தோடு நின்றுவிடுவர். இவர் நிற்கவில்லை. இருளாக்கப்பட்ட குளத்தில், வீரரின் கையில் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கைப் பொருத்தி, நீந்தச் செய்து படம் எடுத்தார். ஒளிப்புள்ளிகள் வரைந்த கோடு நேர்கோடாக இல்லை. பக்கவாட்டிலும், மேலும் கீழுமாக வளைந்து சென்றது. கை நீரில் புகுந்த இடத்திற்கு ஏறத்தாழ அருகிலேயே வெளிவந்தது. கை பின்னே செல்லவில்லை. உடலே கையைக் கடந்து முன்னே சென்றது! இவ்வுண்மையைக் கொண்டு, விமானத்தின் இறக்கையைக் காற்று தூக்குவதுபோல் கையில் தோன்றும் விசையும் நீந்துவோனை முன்செலுத்துகிறது என 1971இல் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தினார். போர்க்காலத்து விமானி அவருள் விழித்துக்கொண்டார் போலும்.

அத்திருத்தமும் முடிந்த முடிபாக நிற்கவில்லை. தூக்குவிசைக்கு அவர் அளவுக்கு மீறிய இடம் தந்தார் என்றும், நீரின் எதிர்ப்பை நேரே பின்தள்ளுவதற்கும் பெரும்பங்கு உண்டு என்றும் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். இதனால் அவர் மதிப்புக் குறைந்ததாக நாம் கொள்ளவேண்டியதில்லை. சகரம் அகரத்தோடும் ஐகாரத்தோடும் ஔகாரத்தோடும் கூடி மொழிமுதலில் வாராது என்றார் தொல்காப்பியர். நன்னூலார் அத்தடையை நீக்கினார். வழக்கு மாறியதால் விதி மாறியது. நீச்சலிலோ வழக்கு மாறவில்லை. அதனைப் பார்க்கும் கண்ணே கூர்மையாயிற்று. அவர் படம்பிடித்த வளைகோடு இன்றும் பொய்யில்லை. அதற்கு அவர் கூறிய காரணம் மட்டுமே திருத்தம் பெற்றது.

அவர் பெயரை உலகறியச் செய்தவர் மார்க் ஸ்பிட்ஸ். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வெல்வேன் என்று முன்னதாகவே கூறி, தொடர் நீச்சலில் மட்டும் இரண்டு வென்று, தனிப்போட்டி ஒன்றில் இறுதியாக வந்து, மனம் உடைந்த 18 வயது இளைஞராக அவர் இந்தியானாவுக்கு வந்தார். 1972இல் மியூனிக்கில் ஏழு தங்கம் வென்றார். ஏழும் உலகச் சாதனைகள். 1976இல் மாண்ட்ரியலில் கவுன்சில்மன் பயிற்றுவித்த அமெரிக்க ஆடவர் அணி 13 போட்டிகளில் 12இல் தங்கம் வென்றது. அவருடைய மாணவர் ஜிம் மான்ட்கோமரி அங்கே 100 மீட்டரை 49.99 நொடியில் நீந்தி, 50 நொடிக்குள் அத்தொலைவைக் கடந்த முதல் மனிதரானார்.

இவ்வளவுக்கும் பின், 1979 செப்டம்பர் 14ஆம் நாள், 58 வயதில் கவுன்சில்மன் தாமே கடலில் இறங்கினார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கால்வாயை 13 மணி 7 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அதுவரை அக்கால்வாயைக் கடந்தவர்களுள் அவரே மூத்தவர்.

1990இல் ஓய்வு பெற்றார். நடுக்குவாத நோய் அவரைப் பற்றியது. நீரில் உடலின் ஒவ்வோர் அசைவையும் அளந்தவரின் உடலே அவர் சொற்படி கேளாதாயிற்று. எனினும் 1994இல் தம் மகனோடு சேர்ந்து பழைய நூலைப் புதுக்கி ‘புதிய நீச்சல் அறிவியல்’ எனப் பெயரிட்டு வெளியிட்டார். 2004 சனவரி 4ஆம் நாள் தம் 83ஆம் வயதில் புளூமிங்டனிலேயே காலமானார்.